ஆத்துப்பாலத்துக்கு ஒரு பேர் உண்டு

நெல்லை சந்திப்பில் ரயிலை விட்டு இறங்கி, வெளியே நிற்கும் ஆட்டோக்காரரிடம் "சுலோசன முதலியார் பாலம் போகணும்" என்று சொல்லிப் பாருங்கள். ஒரு விநாடி யோசிப்பார். பிறகு, "ஆத்துப்பாலமா? அதுக்கு எதுக்கு அண்ணாச்சி ஆட்டோ? நடந்தே போயிரலாம்லா" என்பார். உண்மைதான், நடக்கிற தூரம்தான்.

திருநெல்வேலிக்குப் போகிறவர்களுக்குப் பொதுவாக மூன்று வேலைகள். நெல்லையப்பர், காந்திமதி அம்மன் தரிசனம். அல்வா. நேரம் இருந்தால் குற்றாலம். இந்த மூன்றுக்கும் நடுவில் எத்தனையோ தடவை அந்தப் பாலத்தைக் கடந்திருப்பார்கள். பஸ் ஜன்னலோரம் அமர்ந்தவர்கள் தண்ணீர் எவ்வளவு போகிறது என்று எட்டிப் பார்ப்பார்கள். அதற்குள் பாளையங்கோட்டை வந்துவிடும். ஒரு பாலத்தைப் பார்ப்பதற்கென்றே யாராவது போவார்களா?

இந்தப் பாலத்துக்குப் போகலாம். 1843-ல் திறக்கப்பட்டது. 180 வயதைத் தாண்டிய பிறகும் அதன் மீது டவுன் பஸ் ஓடுகிறது. அதைவிடப் பெரிய விஷயம், அது ஒரு தனி மனிதர் தன் சொந்தப் பணத்தில் ஊருக்குக் கட்டிக் கொடுத்த பாலம்.

ஒரே ஊர், நடுவில் ஆறு

திருநெல்வேலியையும் பாளையங்கோட்டையையும் இரட்டை நகரம் என்று சொல்வார்கள். இரட்டையர் என்றாலும் சாடை ஒன்றல்ல. இந்தக் கரையில் நெல்லையப்பர் கோயிலும் ரத வீதிகளும் கடைத்தெருவும். அந்தக் கரையில் கோட்டை, பட்டாளம், பிறகு பாதிரிமார்கள் தொடங்கிய பள்ளிகள், கல்லூரிகள். 'தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டு' என்ற பட்டம் பாளையங்கோட்டைக்கு வந்ததெல்லாம் இதனால்தான். கலெக்டர் ஆபீஸ் இருக்கும் கொக்கிரகுளமும் அந்தக் கரையில்தான்.

இரண்டுக்கும் நடுவே தாமிரபரணி. பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடலில் சேர்கிற, தமிழ்நாட்டுக்குள்ளேயே பிறந்து தமிழ்நாட்டுக்குள்ளேயே முடிகிற ஆறு. தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் அதற்குத் தண்ணீர் கொடுக்கின்றன. அதனால்தான் வற்றாத ஜீவநதி என்ற பேர்.

இன்று பாபநாசத்தில் அணை இருக்கிறது, மணிமுத்தாறில் அணை இருக்கிறது. 1840-ல் இவை எதுவும் இல்லை. மலையில் பெய்த மழை நேரே ஊருக்குள் வரும். கோடையில் முழங்கால் தண்ணீரில் இறங்கி நடந்துவிடலாம். ஐப்பசி, கார்த்திகை வந்தால் ஓடம்தான் கதி. பிரசவ வலி எடுத்தவளானாலும் சரி, கோர்ட்டில் வாய்தா உள்ளவனானாலும் சரி, ஓடக்காரன் மனசு வைக்க வேண்டும். ஆறும் மனசு வைக்க வேண்டும். ஓடத்துறையில் நெரிசலும் கைகலப்பும் சாதாரணம். அப்படி ஒரு பெரிய அடிதடிக்குப் பிறகுதான் 'பாலம் கட்டியே ஆக வேண்டும்' என்ற பேச்சு கலெக்டர் ஆபீஸில் வலுத்தது என்று ஊரில் சொல்வார்கள்.

அப்போதைய கலெக்டர் தாம்சன். பாலத்துக்கு வரைபடம் போட்டவர் கேப்டன் ஃபேபர். கட்டுமானத்தைப் பார்த்துக்கொண்டவர் பொறியாளர் ஹார்ஸ்லி. வரைபடம் தயார். செலவு சுமார் 50,000 ரூபாய் என்று கணக்குப் போட்டார்கள். பணத்துக்கு என்ன வழி என்பதுதான் பாக்கி.

சிரஸ்தார் எடுத்த முடிவு

இங்கேதான் சுலோசன முதலியார் வருகிறார். கலெக்டர் ஆபீஸில் சிரஸ்தார். இன்றைக்கு அந்த உத்தியோகப் பெயரே பலருக்குப் புதிது. வெள்ளைக்காரக் கலெக்டர் இரண்டு மூன்று வருடத்தில் மாற்றலாகிப் போய்விடுவார். ஜில்லாவின் கணக்கும் வழக்கும் தெரிந்து, ஊர்க்காரர்களின் பாஷையும் தெரிந்து, ஆபீஸைத் தாங்கிப் பிடிப்பவர் சிரஸ்தார். ஒரு இந்தியர் கலெக்டர் ஆபீஸில் ஏறக்கூடிய உச்சிப் படி அதுதான்.

பொதுமக்களிடம் வசூல் செய்யலாம் என்று முடிவாகி, வசூலிக்கும் பொறுப்பு சிரஸ்தாரின் தலையில் விழுந்தது என்பது ஊர்க்கதை. ஏற்கெனவே வரி கட்டித் தளர்ந்திருக்கும் ஜனங்களிடம் இன்னொரு முறை போய் எப்படிக் கை நீட்டுவது என்று அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து மருகினாராம். விஷயத்தைக் கேட்ட மனைவி வடிவாம்பாள், நகைகளைக் கழற்றிக் கொண்டுவந்து முன்னால் வைத்தாராம்.

நகைக் கதைக்குச் சாட்சி யார் என்று கேட்டால், ஊர்ப் பெரியவர்கள் சிரித்துவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுவார்கள். ஆனால் அந்தப் பணம் அவர் கொடுத்தது என்பதில் சந்தேகமில்லை. இதைக் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். அந்தக் காலத்தில் பணக்காரர் தர்மம் என்றால் சத்திரம், சாவடி, குளம், கோயில் திருப்பணி. சாமிக்குச் செய்தால் புண்ணியம். வழிப்போக்கனுக்குச் சோறு போட்டாலும் புண்ணியம். கல்லும் சுண்ணாம்பும் போட்டு ஒரு நெடுஞ்சாலைப் பாலம் கட்டுவதற்கு எந்தப் புராணமும் பலன் சொல்லவில்லை. அதுவும் கும்பெனி சர்க்கார் செய்ய வேண்டிய வேலை. அதைப் போய் சர்க்காரிடம் சம்பளம் வாங்குகிற ஒருவர் தன் பையிலிருந்து செய்திருக்கிறார்.

அதனால்தான் பாலத்துக்கு கவர்னர் பேரோ, கலெக்டர் பேரோ, ராணி பேரோ இல்லை. அந்தக் காலத்துப் பெரிய பாலங்களில் இது அபூர்வம். திறப்பு விழாவில் கலெக்டர் முதலில் நடக்காமல் முதலியாரை முன்னால் நடக்கச் சொல்லிப் பின்னால் நடந்தார் என்றும் ஒரு கதை உண்டு. நடந்திருக்கலாம். நடக்காவிட்டாலும், அப்படி ஒரு கதையை ஊர் இத்தனை காலம் விடாமல் சொல்லிவருவதே அவருக்கு ஒரு மரியாதை.

லண்டன் அண்ணனும் நெல்லைத் தம்பியும்

பாலத்தின் மீது நடந்தால் அதன் அழகு தெரியாது. வாகனச் சத்தம்தான் கேட்கும். ஆற்றங்கரைக்கு இறங்க வேண்டும். அங்கிருந்து நிமிர்ந்து பார்த்தால் ஒன்றன் பின் ஒன்றாக வளைவுகள். மொத்தம் 11. ஒவ்வொன்றும் 60 அடி அகலம். பாலத்தின் மொத்த நீளம் 760 அடி. கட்டியபோது இருந்த அகலம் 21.5 அடி. இரண்டு மாட்டு வண்டிகள் உரசாமல் எதிரெதிரே போக அது தாராளம். பஸ்ஸும் லாரியும் பெருகிய பிறகு அது எங்கே போதும்? பிற்காலத்தில் அகலப்படுத்தினார்கள். அதுவும் போதாமல் சில ஆண்டுகளுக்கு முன் பக்கத்திலேயே இன்னொரு பாலமும் வந்துவிட்டது.

இந்தப் பாலத்துக்கு முன்மாதிரி, லண்டனில் தேம்ஸ் நதியின் மேல் இருந்த வாட்டர்லூ பாலம். ஜான் ரென்னி என்ற பொறியாளர் கருங்கல்லில் கட்டியது. நெப்போலியன் தோற்ற வாட்டர்லூ போரின் இரண்டாம் ஆண்டு நினைவு நாளில், 1817 ஜூன் 18-ம் தேதி திறந்தார்கள். 9 வளைவுகள், ஒவ்வொன்றும் 120 அடி. தூணுக்குத் தூண் ஜோடி ஜோடியாக அலங்காரக் கம்பங்கள். உலகின் கம்பீரமான பாலம் என்று அந்தக் காலத்தில் கொண்டாடினார்கள். ஓவியர்கள் போட்டி போட்டு வரைந்தார்கள்.

அந்த வாட்டர்லூ பாலத்தை ஒரு கம்பெனி பங்கு திரட்டிக் கட்டியது. போட்ட காசை எடுக்க வேண்டுமே? நடந்து போகிறவரிடமும் சுங்கம் வாங்கினார்கள். காசு மிச்சம் பிடிக்க நினைத்த லண்டன்வாசிகள் சுற்றிக்கொண்டு வேறு பாலத்தில் போனார்கள். 1878-ல்தான் அந்தச் சுங்கம் ஒழிந்தது. வடிவத்தை அங்கிருந்து எடுத்த திருநெல்வேலி, பணம் திரட்டும் வழியை மட்டும் அங்கிருந்து எடுக்கவில்லை.

இன்னொரு வேடிக்கை. அந்த லண்டன் வாட்டர்லூ பாலம் இன்று இல்லை. தூண் கீழே இறங்கத் தொடங்கி, 1930-களில் இடித்துவிட்டார்கள். அதே பேரில் இப்போது அங்கே இருப்பது பிறகு கட்டிய கான்கிரீட் பாலம். அண்ணன் போய்விட்டான். அவன் சாயலில் பிறந்த தம்பி தாமிரபரணியில் நின்றுகொண்டிருக்கிறான்.

வளைவு ஏன் விழுவதில்லை?

பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் இந்தக் கேள்வியிலிருந்து தப்ப முடியாது. கம்பி இல்லை, சிமென்ட் இல்லை. கல்லுக்கு மேல் கல். நடுவில் ஏன் தொபுக்கென்று விழவில்லை?

இரண்டு பிள்ளைகளை எதிரெதிரே நிறுத்துங்கள். உள்ளங்கையோடு உள்ளங்கை வைத்து ஒருவர் மேல் ஒருவர் சாயச் சொல்லுங்கள். கால்கள் சறுக்காத வரை இருவரும் விழமாட்டார்கள். ஒருவர் சாய்வது மற்றவரைத் தாங்குகிறது. வளைவும் அதேதான். கட்டும்போது கீழே மரத்தால் வளைவான சாரம் போடுவார்கள். இரு பக்கத்திலிருந்தும் ஆப்பு போலச் செதுக்கிய கல்லை அடுக்கிக்கொண்டே வந்து, உச்சியில் கடைசிக் கல்லைச் செருகுவார்கள். பிறகு சாரத்தைப் பிரித்தால் கற்கள் ஒன்றையொன்று நெருக்கிப் பிடித்துக்கொள்ளும். மேலே பாரம் ஏற ஏற இறுக்கம் கூடும். மாட்டு வண்டிக்குக் கட்டிய பாலம் பஸ்ஸைத் தாங்கும் ரகசியம் இந்த இறுக்கத்தில்தான் இருக்கிறது.

கால் சறுக்கினால்? அங்கேதான் ஆபத்து. பழைய பாலங்களைப் பெரும்பாலும் பாரம் கொல்வதில்லை, தண்ணீர்தான் கொல்கிறது. அகலமாக வரும் வெள்ளம் தூண்களுக்கு இடையில் நுழையும்போது நெருக்கப்பட்டு வேகம் எடுக்கும். அந்த வேகம் தூணின் காலடி மணலைத் தோண்டி எடுத்துக்கொண்டு போகும். ஒரு தூண் அரை அடி இறங்கினாலும் போதும், அதன் மேல் சாய்ந்திருக்கும் இரண்டு பக்க வளைவுகளும் ஆட்டம் காணும். இதில் மோசம் என்னவென்றால், வெள்ளம் வடியும்போது அந்தக் குழியில் இளமணல் வந்து நிரம்பிவிடும். மேலே இருந்து பார்த்தால் ஒன்றுமே நடக்காதது போல இருக்கும். லண்டன் பாலத்தை முடித்ததும் இந்த அரிப்புதான்.

நெல்லைப் பாலமும் ஒருமுறை அடி வாங்கியது. 1869-ல் வந்த பெருவெள்ளத்தில் ஒரு பகுதி சிதைந்தது. 1871-ல் செப்பனிட்டார்கள். ஆற்றில் மணல் அள்ளுவதை உயர் நீதிமன்றம் தடை செய்தபோது அதை ஏதோ சுற்றுச்சூழல்காரர்களின் சமாச்சாரம் என்று நினைத்தவர்கள் உண்டு. ஆற்றுப் படுகை ஒரு முழம் தாழ்ந்தால் பாலத்தின் கால் ஒரு முழம் வெளியே தெரிகிறது என்று அர்த்தம். கல் இடுக்கில் பறவை போட்ட விதையிலிருந்து முளைக்கும் அரசங்கன்றும் ஆலங்கன்றும் இன்னொரு எதிரி. முளைத்த வாரத்தில் இரண்டு விரலால் பிடுங்கிவிடலாம். ஐந்து வருடம் விட்டால் வேர் கல்லைப் பிளந்துவிடும்.

ஆறு வரும் திசையில் கொஞ்சம் மேலே போனால் குறுக்குத்துறை முருகன் கோயில். ஆற்றுக்குள்ளேயே இருக்கிறது. பெருவெள்ளத்தில் முழுகும், வடிந்ததும் பழையபடி நிற்கும். வெள்ளம் வரும் பக்கத்துச் சுவரைப் படகின் முனை போலக் கூராக அமைத்திருக்கிறார்கள். தண்ணீர் மோதாமல் இரண்டாகப் பிரிந்து போய்விடும். பாலத் தூண்களின் முன்முனையைக் கூராக்குகிறார்களே, அதே யோசனைதான். ஃபேபர் துரை வருவதற்கு முன்பே அந்த ஆற்றங்கரையில் அது தெரிந்திருந்தது. வெள்ளம் வருகிறது என்றால் உற்சவரைக் கரையில் இருக்கும் மண்டபத்துக்கு எடுத்துப் போய்விடுவார்கள்.

ஆறு பார்த்தவை

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நெல்லை, தூத்துக்குடிக்காரர்கள் மறக்கமாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை. மலையிலும் சமவெளியிலும் ஒரே நேரத்தில் கொட்டித் தீர்த்தது. சந்திப்பு பஸ் நிலையத்தில் தண்ணீர், கொக்கிரகுளத்தில் கலெக்டர் ஆபீஸைச் சுற்றித் தண்ணீர், குறுக்குத்துறைக் கோயில் தண்ணீருக்குள். வெளியூரில் இருக்கும் பிள்ளைகள் போனில் கேட்ட கேள்விகளில் ஒன்று: "யம்மா, ஆத்துப்பாலம் நிக்கா?"

நின்றது.

பாலத்தைப் பார்க்கப் போகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய இன்னொரு விஷயமும் அதே கரையில் இருக்கிறது. சுற்றுலாக் கையேடுகளில் அது இருக்காது. 1999 ஜூலை 23. மாஞ்சோலை தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காக, சிறையில் இருந்தவர்களை விடுவிக்கவும் கூலிக் கோரிக்கைக்காகவும் கலெக்டர் ஆபீஸை நோக்கி ஒரு ஊர்வலம் வந்தது. கொக்கிரகுளத்தில் போலீஸ் தடுத்தது. தடியடி நடந்தது. ஒரு பக்கம் போலீஸ், இன்னொரு பக்கம் ஆறு. ஜனங்கள் ஆற்றுக்குள் ஓடினார்கள். 17 பேர் இறந்தார்கள். அதில் இரண்டு பெண்கள், ஒரு கைக்குழந்தை.

மாஞ்சோலை இருப்பது மணிமுத்தாறு அணைக்கு மேலே. மணிமுத்தாறு வந்து சேர்வது தாமிரபரணியில். தாங்கள் தேயிலை பறித்த மலையிலிருந்து இறங்கும் தண்ணீரில்தான் அவர்களுக்கு முடிவு வந்தது. ஒவ்வோர் ஆண்டும் ஜூலை 23 அன்று ஆற்றில் பூப்போட்டு அஞ்சலி செலுத்த வருகிறார்கள். அன்றைக்குப் பாலத்தின் மேல் போகும் பஸ்ஸில் இருப்பவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுக் கீழே பார்ப்பார்கள். பக்கத்து சீட் பிள்ளை "என்ன ஆச்சி, அங்க கூட்டம்?" என்று கேட்டால், என்ன சொல்வது, எந்த வயதில் சொல்வது என்று பெரியவர்கள் தடுமாறுவார்கள். சொல்லத்தான் வேண்டும்.

போகிறவர்களுக்கு

காலையில் ஏழு மணிக்கு முன்னால் போவது நல்லது. பள்ளிக்கூட பஸ்கள் தொடங்கிவிட்டால் பாலத்தில் நின்று பார்க்க முடியாது. பாலத்தின் நடுவில் நின்று செல்ஃபி எடுப்பவர்களைப் பார்த்து டிரைவர்கள் நல்ல நெல்லைத் தமிழில் ஏதாவது சொல்வார்கள். காதில் வாங்கிக்கொள்ளாமல் கரைக்கு இறங்கிவிடுங்கள். சந்திப்புப் பக்கம் சிந்துபூந்துறையில் படித்துறை உண்டு. தண்ணீர் குறைவாக இருக்கும் மாதங்களில்தான் தூண்களின் அடி வரை கண்ணுக்குத் தெரியும். மழைக் காலத்தில் போனால் தூரத்தில் நின்று பார்ப்பதோடு சரி. வழுக்கும் படி, சுழல் உள்ள ஆறு.

கரையில் இறங்கினால் மூக்கைப் பிடித்துக்கொள்ள வேண்டிய இடங்களும் உண்டு. ஊர்ச் சாக்கடை பல இடங்களில் ஆற்றில் கலக்கிறது. துணிமூட்டை, பிளாஸ்டிக், பரிகாரம் என்று சொல்லி விட்டுப்போன பழந்துணி எல்லாம் தூணில் சிக்கிக் கிடக்கும். முதலியார் பாலத்துக்குக் கொடுத்தார். ஆற்றுக்குக் கொடுக்க வேண்டிய முறை இப்போது யாருடையது என்பது ஊருக்குள் ஓயாத சண்டை. சுத்தம் செய்ய அவ்வப்போது இறங்கும் இளைஞர் கூட்டங்கள் இருக்கின்றன. அடுத்த வாரமே குப்பையும் வந்துவிடுகிறது.

பார்த்து முடித்ததும் அப்படியே நடந்து பாலத்தைக் கடந்து வண்ணார்பேட்டைப் பக்கம் போய்விடலாம். 760 அடிதான். சாதாரண நடையில் நான்கு நிமிடம்கூட ஆகாது. ஒரு காலத்தில் ஓடத்துக்காக அரை நாள் காத்திருந்த தூரம் அது. அந்தப் பக்கம் சூடாக இட்லியும் காப்பியும் கிடைக்கும். அல்வாவுக்குத் திரும்ப வேண்டுமென்றால், டவுனுக்குப் போகும் பஸ்ஸில் ஏறிவிடலாம்.